குழாய் போடப் பணம் வருகிறது... அதை ஓட வைக்க யார் தருவது?

நான் குடியிருக்கும் தெருவைத் தோண்டி, குழாய் பதித்து, மேன்ஹோல் மூடி வைத்து, மேலே தாரும் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. கழிவுநீர் லாரி மட்டும் இன்னும் மாதம் தவறாமல் வந்து நிற்கிறது. பாதாள சாக்கடைக் குழாய் வாசல் வரை வந்துவிட்டது, வீட்டுக்குள் இணைப்பு வரவில்லை. ஏன் என்று பக்கத்து வீட்டு அண்ணனிடம் கேட்டேன். "டெபாசிட் கட்டணும்னு நோட்டீஸ் வந்துச்சு தம்பி. அரசாங்கம் போட்ட குழாய்க்கு நாம எதுக்குக் காசு கட்டணும்?" என்றார்.

ஊர் பெயர் வேண்டாம். உங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் இதே கேள்வி இதே வார்த்தைகளில் ஓடியிருக்கும். கேள்வியில் தப்பில்லை. வரி கட்டுகிறோம், அதில்தானே இதெல்லாம் செய்யணும்? நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் தெரிய வேண்டுமென்றால், தண்ணீருக்கும் கழிவுநீருக்கும் அரசு ஒதுக்கும் பணம் எந்த வழியாக வருகிறது, எந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறது என்று பார்த்தாக வேண்டும். நின்றுவிடுகிற அந்த இடம்தான் விஷயமே.

பணம் வரும் வழிகள்

கிராமத்தில் இருந்து தொடங்கலாம். 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்டது ஜல் ஜீவன் மிஷன். ஒவ்வொரு கிராமப்புற வீட்டுக்கும் குழாய், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நல்ல தண்ணீர் என்பது இலக்கு. 2019-ல் தொடங்கியபோது திட்ட மதிப்பு 3.60 லட்சம் கோடி ரூபாய், அதில் மத்திய அரசின் பங்கு 2.08 லட்சம் கோடியாக இருந்தது. தமிழ்நாடு மாதிரியான மாநிலங்களுக்கு மத்திய அரசு பாதி, மாநில அரசு பாதி. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90 சதவிகிதம் மத்திய அரசே தரும். தொடங்கும்போது நாடு முழுக்க 3.23 கோடி கிராமப்புற வீடுகளில்தான் குழாய் இருந்தது. இன்று அது 15 கோடியைத் தாண்டிவிட்டது. இது சின்ன விஷயம் இல்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்த பெண்களிடம் கேட்டால் தெரியும்.

இந்தத் திட்டத்தில் பலருக்கும் தெரியாத ஒரு விதி இருக்கிறது. ஊருக்குள் போடும் குழாய், தொட்டி ஆகியவற்றுக்கான செலவில் 10 சதவிகிதத்தை ஊர் மக்கள் தர வேண்டும். மலைப்பகுதி, வனப்பகுதி கிராமங்களுக்கும், பட்டியலின, பழங்குடி மக்கள் பாதிக்கு மேல் இருக்கும் கிராமங்களுக்கும் 5 சதவிகிதம். பணமாகவும் தரலாம், உழைப்பாகவும் தரலாம். விதியை எழுதியவர்கள் இதைச் சும்மா எழுதவில்லை. காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

நகரங்களுக்கு வேறு வழி. 2021 அக்டோபர் 1 அன்று தொடங்கிய அம்ருத் 2.0 திட்டத்தில் குடிநீர், கழிவுநீர், நீர்நிலை சீரமைப்பு எல்லாம் சேர்த்து மொத்த மதிப்பீடு 2.99 லட்சம் கோடி ரூபாய். மத்திய பங்கு 76,760 கோடி. இதில் ஊரின் அளவைப் பொறுத்துப் பங்கு மாறும். மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குக் கீழ் என்றால் திட்டச் செலவில் பாதியை மத்திய அரசு தரும். ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் வரை என்றால் மூன்றில் ஒரு பங்கு. அதற்கும் மேல் என்றால் கால் பங்கு. மீதியை மாநிலமும் நகராட்சியும் எங்கிருந்தாவது புரட்டிக்கொள்ள வேண்டும்.

இவை போக, நிதி ஆணையம் உள்ளாட்சிகளுக்குத் தரும் மானியம் இருக்கிறது. 15-வது நிதி ஆணையம் 2021-26 காலத்துக்கு ஊராட்சிகளுக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவிகிதத்தை குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும்தான் செலவழிக்க முடியும் என்று கட்டிப்போட்டது. ஊராட்சித் தலைவர் நினைத்தாலும் அதில் சிமென்ட் ரோடு போட முடியாது.

கடைசியாக, கடன். உலக வங்கி, ஜப்பானின் ஜைகா போன்றவை தரும் கடன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரைக் குடித்துப் பல் கறுத்து, எலும்பு வளைந்த மக்களுக்குக் காவிரித் தண்ணீர் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜைகா கடனில் வந்ததுதான்.

ஆக, பணம் வராமல் இல்லை. பல வழிகளில் வருகிறது. பிறகு எங்கே சிக்கல்?

கட்டுவதற்குக் காசு, ஓட்டுவதற்கு?

மேலே சொன்ன பெரிய திட்டங்களில் வருகிற பணம் கிட்டத்தட்ட முழுவதும் கட்டுமானத்துக்கான பணம். குழாய், தொட்டி, பம்பு, சுத்திகரிப்பு நிலையம். திறப்பு விழா நடந்து, கல்வெட்டு வைத்த மறுநாளில் இருந்து வேறு கணக்கு ஆரம்பிக்கிறது. மோட்டாருக்குக் கரண்ட் பில். டேங்க் ஆபரேட்டருக்குச் சம்பளம். குளோரின். உடைந்த குழாய்க்கு மாற்றுக் குழாய். கூட்டுக் குடிநீர்த் திட்டமாக இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்துக்குக் கட்ட வேண்டிய தண்ணீர்க் கட்டணம். இது ஒருமுறைச் செலவு இல்லை, 30 வருடம் மாதாமாதம் வரும் செலவு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 வீடுகள் உள்ள ஒரு ஊராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் குடிநீர்க் கட்டணம். எல்லாரும் ஒழுங்காகக் கட்டினால் 50,000 ரூபாய். பாதிப் பேர் கட்டினால் 25,000. அதில் ஆபரேட்டர் ஒருவருக்குக் கௌரவமான சம்பளம் கொடுத்தாலே பாதிக்கு மேல் போய்விடும். அந்த மாதம் மோட்டார் காயில் எரிந்தால்? முடிந்தது கதை. மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு, அடுத்த மானியம் வரும் வரை காத்திருக்க வேண்டியதுதான். குழாய் இணைப்பு உண்டு என்று டாஷ்போர்டு பச்சை நிறத்தில் காட்டிக்கொண்டே இருக்கும்.

கழிவுநீரில் நிலைமை இன்னும் மோசம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-ல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். இந்திய நகரங்களில் ஒரு நாளைக்கு உருவாகும் கழிவுநீர் 72,368 எம்.எல்.டி. ஒரு எம்.எல்.டி என்றால் பத்து லட்சம் லிட்டர். நாட்டில் கட்டப்பட்டிருந்த சுத்திகரிப்பு நிலையங்களின் திறன் 31,841 எம்.எல்.டி. பாதிகூட இல்லை. சரி, இன்னும் கட்ட வேண்டும் என்று யாரும் சொல்லிவிடலாம். அடுத்த எண்ணைப் பாருங்கள்: உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது வெறும் 20,236 எம்.எல்.டி. கோடி கோடியாகக் கொட்டிக் கட்டியதிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பயன்படவில்லை. சில இடங்களில் நிலையம் இருக்கிறது, வீட்டு இணைப்பு இல்லாததால் கழிவுநீர் அங்கே போய்ச் சேருவதில்லை (என் தெருவைப் போல). சில இடங்களில் கழிவுநீர் போகிறது, ஓட்டக் காசில்லை.

தண்ணீர்த் திட்டமும் கழிவுநீர்த் திட்டமும் ஒன்றை ஒன்று துரத்துகிற விஷயம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கு வரும் தண்ணீரில் சுமார் 80 சதவிகிதம் கழிவுநீராக வெளியே போகும் என்பது பொறியாளர்கள் வைக்கும் பொதுக் கணக்கு. நகரத்தில் ஆளுக்கு 135 லிட்டர் கொடுத்தால் 108 லிட்டர் சாக்கடைக்குப் போகும். நாலு பேர் உள்ள வீட்டில் இருந்து ஒரு நாளைக்கு 430 லிட்டருக்கு மேல். தண்ணீர்க் குழாய்க்கு ஓட்டு விழும் என்பதால் அது முதலில் வருகிறது. கழிவுநீர்க் குழாய் பத்து வருடம் கழித்து வருகிறது. நடுவில் உள்ள பத்து வருடக் கழிவுநீர் எங்கே போகும்? ஏரிக்குத்தான்.

கட்டுமானப் பணமே நிச்சயம் என்றும் நினைத்துவிட வேண்டாம். 2024-25 பட்ஜெட்டில் ஜல் ஜீவன் மிஷனுக்கு ஒதுக்கியது 70,163 கோடி ரூபாய். திருத்திய மதிப்பீட்டில் அது 22,694 கோடியாகச் சுருங்கியது. 2024-ல் முடிய வேண்டிய திட்டத்தை 2028 வரை நீட்டிப்பதாக 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். அந்த அறிவிப்பிலேயே, இனி கவனம் கட்டுமானத் தரத்திலும், மக்கள் பங்கேற்போடு நடக்கும் பராமரிப்பிலும் இருக்கும் என்றார். ஐந்து வருடம் குழாய்களை எண்ணிக்கொண்டிருந்த பிறகு வந்த வார்த்தை. லேட்டாக வந்தாலும் சரியான வார்த்தை.

பராமரிப்புக்குக் காசில்லை என்றால் அதன் விலை ரூபாயில் மட்டும் இருக்காது. அடைத்துக்கொண்ட மேன்ஹோலுக்கு மெஷின் வராத ஊரில் மனிதன் இறக்கப்படுகிறான். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. பாதாள சாக்கடையில் இறப்பவரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்தில் இருந்து 30 லட்சமாக உயர்த்தி உச்ச நீதிமன்றம் 2023-ல் தீர்ப்பளித்தது. சட்டம் கடுமையாகத்தான் இருக்கிறது. ஜெட்டிங் மெஷின் வாங்குவதற்கும், அதை ஓட்டுபவருக்கு மாதச் சம்பளம் கொடுப்பதற்கும் ஒரு நகராட்சியின் கணக்கில் வரி இல்லை என்றால், சட்டப்புத்தகம் மேன்ஹோலுக்குள் இறங்கி அடைப்பை எடுக்காது.

ஆலந்தூர்க்காரர்கள் முன்பணம் கட்டிய கதை

இப்போது டெபாசிட் விஷயத்துக்கு வருவோம். இதற்குத் தமிழ்நாட்டிலேயே, சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. அரசு நிர்வாகம் படிப்பவர்கள் வெளிநாட்டில்கூட இதைப் பாடமாகப் படிக்கிறார்கள். மெட்ரோ மாறுவதற்காக ஆலந்தூரில் தினமும் இறங்கி ஏறுகிற நம்மில் பலருக்குத் தெரியாது.

1990-களின் நடுவில் ஆலந்தூர் தனி நகராட்சி. ஒன்றரை லட்சம் பேர் அளவுக்கு மக்கள்தொகை. பாதாள சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், அது நிரம்பினால் லாரி, மழை வந்தால் தெருவெல்லாம் நாற்றம். அப்போது நகராட்சித் தலைவராக இருந்தவர் ஆர்.எஸ்.பாரதி. பாதாள சாக்கடை போட்டே தீருவது என்று நகராட்சி முடிவு செய்தது. கையில் பணம் இல்லை. திட்டத்துக்குத் தேவை சுமார் 34 கோடி ரூபாய். அந்தக் காலத்து ஒரு நகராட்சிக்கு அது மலை மாதிரித் தொகை.

அவர்கள் செய்தது இதுதான். முதலில் மக்களிடம் போனார்கள். குடியிருப்போர் சங்கங்களைக் கூட்டிப் பேசினார்கள். வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய், வணிக இணைப்புக்கு 10,000 ரூபாய் டெபாசிட் என்று சொன்னார்கள். மாதக் கட்டணமும் உண்டு என்பதை மறைக்கவில்லை. மொத்தமாகக் கட்ட முடியாதவர்களுக்குத் தவணை வசதி. 5,000 ரூபாய் என்பது அன்றைக்குப் பல குடும்பங்களின் ஒரு மாதச் சம்பளம் என்பதை மறக்க வேண்டாம். இன்னும் ஒரு அடி குழாய்கூடப் பதிக்கவில்லை. ஆனாலும் மக்கள் கட்டினார்கள். ஆயிரக்கணக்கான வீடுகளில் இருந்து கோடிக்கணக்கில் சேர்ந்தது.

இந்தப் பணத்தால் மட்டும் திட்டம் முடியவில்லை. மொத்தச் செலவில் மக்கள் பணம் ஒரு பங்குதான். பெரும்பகுதி தமிழ்நாடு அரசின் நகர்ப்புற நிதி நிறுவனமான டுஃப்பிட்கோ, உலக வங்கி ஆதரவோடு 1996-ல் அமைந்த தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் ஆகியவற்றில் இருந்து கடனாகவும் மானியமாகவும் வந்தது. ஆனால் கடன் கொடுப்பவர் என்ன பார்ப்பார்? திருப்பிக் கட்டுவானா என்று பார்ப்பார். முன்கூட்டியே பணம் கட்டிய ஆயிரக்கணக்கான வீடுகளின் பட்டியலைவிடப் பெரிய உத்தரவாதம் எதுவும் அவருக்குத் தேவைப்படாது. கட்டியவன் கட்டாயம் இணைப்பு எடுப்பான். எடுத்தவன் மாதம் கட்டணம் கட்டுவான். தெருவில் குழாய் இருந்தும் வீட்டு இணைப்பு இல்லாத நிலைமை அங்கே வர வாய்ப்பு குறைவு.

சுத்திகரிப்பு நிலையத்தை எப்படிக் கட்டினார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. முதல் கட்டமாக 12 எம்.எல்.டி திறனுள்ள நிலையத்தைத் தனியார் நிறுவனம் தன் முதலில் கட்டி, சில வருடம் இயக்கி, பிறகு நகராட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஒப்பந்தம். சுத்திகரிக்கும் கழிவுநீரின் அளவுக்கு ஏற்பத்தான் அவர்களுக்குப் பணம். கட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட முடியாது. நிலையம் ஓடினால்தான் காசு.

2011-ல் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. குழாய்கள் இப்போது மெட்ரோ வாட்டர் வசம். நகராட்சி போய்விட்டாலும் குழாய் இருக்கிறது.

இதை வைத்து "பாத்தீங்களா, மக்கள்தான் எல்லாத்துக்கும் காசு தரணும்" என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆலந்தூரில் நடந்தது நடுத்தர வர்க்கம் நிறைந்த ஒரு புறநகரில். கூலி வேலை பார்க்கும் குடும்பங்கள் அதிகம் உள்ள ஒரு பேரூராட்சியில் அதே டெபாசிட்டைக் கேட்டால் அது அநியாயம். குடிசைப் பகுதிக்கு இணைப்பு இலவசமாகத்தான் இருக்க வேண்டும், அந்தச் செலவை மாநில அரசு ஏற்க வேண்டும். கழிவுநீர் ஏரியில் கலந்தால் நோய் வருவது டெபாசிட் கட்டியவருக்கும்தான். வசதியுள்ளவர் தன் பங்கைக் கட்டுவதும், வசதியில்லாதவருக்கு அரசு கட்டுவதும் முரண்பாடு இல்லை. இரண்டுமே கட்டாமல் விடுவதுதான் பிரச்னை.

சின்ன ஊர்கள் என்ன செய்வது?

தனியாகப் போனால் வங்கியும் மதிக்காது, சந்தையும் மதிக்காது. இதற்கும் தமிழ்நாடு ஒரு வழி கண்டுபிடித்தது. 2002-ல் பத்துக்கும் மேற்பட்ட சின்ன உள்ளாட்சிகளை ஒன்றாகச் சேர்த்து, குடிநீர், சுகாதாரப் பணிகளுக்காகச் சுமார் 30 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டார்கள். நாலைந்து நண்பர்கள் சேர்ந்து வீடு வாடகைக்கு எடுப்பதுபோல. ஒருவர் தவறினாலும் முதலீட்டாளருக்கு நஷ்டம் வராதபடி, உள்ளாட்சிகளுக்கு மாநில அரசு தரும் நிதியில் இருந்தே தவணையைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு இருந்தது. அசலில் பாதிக்கு அமெரிக்காவின் யு.எஸ்.எய்ட் உத்தரவாதம் கொடுத்தது. பெரிய நகரங்கள் தனியாகவே சந்தைக்குப் போகலாம். சென்னை மாநகராட்சி 2025-ல்தான் முதல்முறையாக 200 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது, அதுவும் மழைநீர் வடிகாலுக்கு.

எல்லா ஊருக்கும் பாதாள சாக்கடைதான் தீர்வு என்றும் இல்லை. வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் பேரூராட்சிக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. 2017-ல் கருங்குழி பேரூராட்சியில் தமிழ்நாட்டின் முதல் கசடு கழிவு சுத்திகரிப்பு நிலையம் வந்தது. பக்கத்தில் உள்ள மதுராந்தகத்தின் செப்டிக் டேங்க் கழிவும் அங்கேதான் போகிறது. லாரி எடுத்துப் போவதை ஏரிக்கரையில் கொட்டாமல் முறையாகச் சுத்திகரிக்கிறார்கள், அவ்வளவுதான். கட்டவும் செலவு குறைவு, ஓட்டவும் செலவு குறைவு.

கங்கைக் கரையில் இன்னொரு முறையை முயல்கிறார்கள். நமாமி கங்கே திட்டத்தில் 2017-ல் வாரணாசிக்கும் ஹரித்வாருக்கும் போட்ட ஒப்பந்தங்களில், கட்டும்போது 40 சதவிகிதப் பணம்தான். மீதி 60 சதவிகிதம் அடுத்த 15 வருடங்களில், நிலையம் ஒழுங்காக ஓடுவதைப் பொறுத்து. ஆலந்தூர் ஒப்பந்தத்தின் பெரியண்ணன் மாதிரி. அரசுப் பணத்தின் பெரும்பங்கு கட்டியதற்கு இல்லாமல் ஓட்டியதற்குப் போகிறது. எந்தத் திட்டமாக இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது இந்த விகிதத்தைத்தான்.

சரி, அந்த நோட்டீஸை என்ன செய்வது?

கட்டலாம். ஆனால் கேட்டுவிட்டுக் கட்டலாம். கிராமசபை தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம் என்பதற்காகவே சேர்க்கப்பட்டது. நகரங்களில் ஏரியா சபை இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம் என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. நானும் போன வருடம்தான் முதல்முறை போனேன்.

போனால் கேட்க வேண்டியது குழாய் எப்போது வரும் என்பதை அல்ல. இந்த நிலையத்தின் ஐந்தாவது வருடக் கரண்ட் பில்லை எந்தக் கணக்கில் இருந்து கட்டப் போகிறீர்கள்? நாங்கள் கட்டும் டெபாசிட்டும் மாதக் கட்டணமும் தனிக் கணக்கில் இருக்குமா, பொது நிதியில் கரைந்துவிடுமா? ஒப்பந்ததாரருக்கு எத்தனை வருடப் பராமரிப்புப் பொறுப்பு? டெபாசிட் கட்ட முடியாத வீடுகள் இந்த வார்டில் எத்தனை, அவர்களுக்கு யார் கட்டுவது? ஊராட்சி என்றால் கிராமக் குடிநீர் குழு ஒன்று இருக்க வேண்டும், அதில் பாதி உறுப்பினர்கள் பெண்களாக இருக்க வேண்டும் என்பது ஜல் ஜீவன் விதி. அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று கேட்டுப் பாருங்கள்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டெபாசிட் வீட்டு உரிமையாளர் கட்ட வேண்டியது, ஏனென்றால் இணைப்பு வீட்டோடு இருக்கும். மாதக் கட்டணம் யார் என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். மாதம் ஒரு லாரிக்குக் கொடுக்கும் காசோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஓனரிடம் பேசினால் பேச்சு சீக்கிரம் முடியும்.

எங்கள் தெருவில் அந்தக் கணக்கைத்தான் போட்டோம். வருடத்துக்கு லாரிக்குப் போகும் தொகை டெபாசிட்டைவிட அதிகம் என்று பக்கத்து வீட்டு அண்ணனே பேப்பரில் எழுதிக் காட்டினார். தவணையில் கட்ட அனுமதி கேட்டு 14 வீடுகள் கையெழுத்துப் போட்ட மனு நகராட்சியில் கிடக்கிறது. தனிக் கணக்கு உண்டா என்ற எங்கள் கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. அடுத்த ஏரியா சபையில் மறுபடி கேட்போம்.